கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்

பெண்களை வேலைக்கு எடுப்பது எப்படி என்று பார்த்துவரத்தான் என்னை மலேசியாவுக்கு அனுப்பினார்கள். கிண்டியில் ஒரு ரேடியோ கம்பெனியில் வருஷக்கணக்காக அதையே செய்துகொண்டிருந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. தாம்பரத்தில் புதிதாக வரப்போகிற வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்த கையோடு, "எங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது. கிள்ளான் பக்கம் இருக்கும் எங்கள் ஃபேக்டரியில் போய்ப் பாருங்கள். அதையே தாம்பரத்திலும் செய்யலாம்" என்று சொல்லிவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தாம்பரத்தில் கம்பெனி வரப்போகிற இடத்தில் அப்போது முள்வேலியும் சில ஆடுகளும்தான் இருந்தன. ஆனால் செய்தி பரவிவிட்டது. பெரம்பூரில் எங்கள் தெருவில் எனக்குத் திடீர் மரியாதை. காய்கறிக்காரி முனியம்மா கொசுறாக ஒரு கட்டுக் கொத்துமல்லியையே கூடையில் போட்டுவிட்டு, "என் மருமவ செல்விக்கு ஒரு வேல பாத்துக் குடும்மா, பத்தாவது படிச்சிருக்கா, கை வேகம்" என்றாள். செல்வியின் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். எவர்சில்வர் குடம் கொடுத்து, பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்ட கல்யாணம். "கட்டாயம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை போட்டிருந்தார்கள். வெளிநாடு என்றால் கண் விழித்ததும் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பியது. ஜன்னலைத் திறந்தால் கீழே மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தார்கள், சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. இதற்கா பாஸ்போர்ட் எடுத்து, ஊசி போட்டுக்கொண்டு, ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தோம் என்று இருந்தது.

கடைக்கார அம்மா அண்ணாந்து பார்த்து, "பசியாறிட்டீங்களா ஆன்டி?" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் என்னை ஆன்டி என்றதுதான் அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி. இரண்டாவது அதிர்ச்சி காப்பி. கெட்டிப்பாலை ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். பல் கூசியது. "சர்க்கரை கொஞ்சம் கம்மியா போடுங்களேன்" என்றேன். "சீனி எங்க போட்டேன், வெறும் பால்தான் லா" என்றார். அதோடு வந்த ரொட்டி சானாயை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் பரோட்டாவுக்கு நல்ல சம்பந்தம் கிடைத்த மாதிரி இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு கோயில் என்று சொன்னார்களே என்று ரோஸ் நிற மினி பஸ் ஒன்றில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு. கண்டக்டர் என்னைப் பிடித்து உள்ளே திணித்தான். என் நிறுத்தம் வந்தது தெரிந்தது, இறங்க வழி தெரியவில்லை. முன்னால் ஒரு சீனக் கிழவரின் கோழிக்கூடை, பின்னால் யாருடைய குடையோ என் விலாவில். பஸ் ஒருபக்கம் சாய்ந்துகொண்டே போய்ப் பெட்டாலிங் ஜெயாவில்தான் என்னைத் துப்பியது.

கோபத்தோடு இறங்கினவள் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையாகத் தொழிற்சாலைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஷிப்ட் விட்டு, கேட்டுக்குக் கேட் பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட மலாய்ப் பெண்கள், கிராப்பு வெட்டிய சீனப் பெண்கள், பின்னல் போட்ட நம் பெண்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை. கிண்டியில் ஷிப்ட் விட்டால் சைக்கிள் மணிதான் கேட்கும். இங்கே ரோடு முழுக்கச் செருப்புச் சத்தம். இத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் சம்பளம் வாங்கும் வேலையிலிருந்து வீட்டுக்குப் போவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. கோயிலுக்குப் போகாத குறை தெரியவில்லை. தாம்பரத்திலும் இப்படி ஒரு நாள் வரப்போகிறது, அதை நான்தான் செய்யப்போகிறேன் என்று மனசுக்குள் ஒரே பெருமை.

திங்கட்கிழமை கம்பெனி கார் வந்தது. எங்கள் ஃபேக்டரி கிள்ளானைத் தாண்டித் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், பனை எண்ணெய்க்காக வளர்க்கிற குட்டை மரங்கள். அதன் நடுவே ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம். கேட் வாசலில் திருவிழாக் கூட்டம். புதிய லைன் ஒன்று திறக்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்த பெண்கள்.

ஆள் எடுக்கும் அதிகாரி மிஸ் லிம். முப்பது வயது இருக்கும், ஒல்லி, ஹை ஹீல்ஸ் டக்டக்கென்று சத்தம் போடும். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் அவருக்கு "வா", "போ", "சீக்கிரம்" மூன்றும் தெரியும். மூன்றையும் தாராளமாகப் பயன்படுத்தினார்.

பரீட்சை எளிமையானது. குட்டி இடுக்கியால் ஊசிகளை எடுத்துப் பலகைத் துளைகளில் நிறுத்த வேண்டும். பிறகு கண் பரிசோதனை. கடைசியில் மிஸ் லிம் மலாயில் ஒரு கேள்வி கேட்பார். பெண்கள் "பெலும்" என்பார்கள். அடுத்தவள் வருவாள். "பெலும்." அடுத்தவள். "பெலும்." நான் மலேசியாவில் கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான்.

"என்ன கேட்கிறீர்கள்?" என்றேன்.

"கல்யாணம் ஆகிவிட்டதா என்று. பெலும் என்றால் இன்னும் இல்லை."

"ஆகிவிட்டது என்றால்?"

"எடுக்க மாட்டோம்" என்றார் மிஸ் லிம், பேனாவைக் கீழே வைக்காமல். "கல்யாணம் ஆனால் குழந்தை, குழந்தை ஆனால் லீவு என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள். உங்களிடம் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. கிண்டியில் என்னிடம் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம் ஆனவர்கள். குழந்தைக்கு ஜுரம் என்று லீவு கேட்பார்கள், திட்டிக்கொண்டே கொடுப்பேன். நானே கல்யாணம் ஆனவள். முனியம்மாவின் கொத்துமல்லிக் கட்டு ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில்தான் லெட்சுமி வந்து உட்கார்ந்தாள். இருபது வயதுக்குள். ஊசிகள் அவள் விரல்பட்டுத் தாமாகவே துளைக்குள் போய் நின்ற மாதிரி இருந்தது. மிஸ் லிம்மே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கடைசிக் கேள்வி வந்ததும் அந்தப் பெண் "சுடா" என்றாள். ஆகிவிட்டது என்று அர்த்தம். சட்டைக்கு உள்ளேயிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து வேறு காட்டினாள், அது ஒரு கூடுதல் தகுதி என்பதைப் போல. மிஸ் லிம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். மத்தியானம் கேன்டீனில் வாழையிலையில் மடித்த நாசி லெமாக் கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, சிவப்புச் சம்பல். நல்ல சாப்பாடு. கேன்டீன் வாசல் வழியே அந்தப் பெண் இன்னும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. பாதியிலேயே இலையை மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் உள்ளே சுற்றிப் பார்த்தேன். பவுடர் கூடாது, பூ கூடாது, வளையல் கூடாது. போகும்போதும் வரும்போதும் கேட்டில் பையைக் கொட்டிச் சோதிப்பார்கள், உள்ளே தங்கக் கம்பி புழங்குவதால். எனக்கு அந்தச் சோதனை இல்லை. நான் ஆபீசர். என் தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு ஒரு பின் குத்திக்கொண்டு போய்வந்தேன்.

புதன்கிழமை மிஸ் லிம்மிடம், "பந்திங் போகிற தொழிலாளர் பஸ்ஸில் ஒரு தடவை போய்வருகிறேன். தாம்பரத்திலும் பஸ் விட வேண்டியிருக்கும்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "காரில் போகலாமே" என்றார். பிறகு, "சரி. முன் சீட்டில் உட்காருங்கள்" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அப்போது விளங்கவில்லை.

பஸ் நிறையத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நான் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. டிரைவர் மணியம் ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் பெரிய விபூதிப் பட்டை. கேட்டைத் தாண்டி, வளைவு திரும்பி, செம்பனைகளுக்கு நடுவே வண்டி வந்ததும் வேகம் குறைந்தது. மணியம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "நிறுத்துங்கண்ணே. மேடமும் நம்ம ஆளுதான். கழுத்தப் பாருங்க."

சொன்னவள் அஞ்சலை. இருபத்தெட்டு வயது சொல்லலாம், அந்த பஸ்ஸுக்கே மூத்தவள். மணியம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்தார். அஞ்சலை சீட்டுக்கு அடியில் கைவிட்டு, ரோஜாப்பூப் படம் போட்ட பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள்.

உள்ளே சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். பச்சை, நீலம், பூப்போட்டது, கோடு போட்டது. ஒவ்வொரு பெண்ணாக வந்து தன் முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தாள். உள்ளே இருந்தது தாலி.

அலுவலகத்தில் திருமணம் ஆகாதவர்கள் என்று என்னிடம் சொல்லப்பட்ட பெண்கள், ஐந்து நிமிஷத்தில் என் கண் முன்னால் வரிசையாகச் சுமங்கலிகள் ஆகிக்கொண்டிருந்தார்கள். மாட்டிக்கொண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தோழியின் பின்னலைத் தூக்கிப் பிடித்துக் கொக்கி போட்டுவிட்டாள். இன்னொருத்தி குங்குமச் சிமிழை எடுத்து வரிசையாக நீட்டினாள். என் கை தானாக என் கழுத்துக்குப் போனது.

"இது தப்பில்லையா?" என்றுதான் முதலில் கேட்டேன். நல்ல கேள்வி, ஆபீசர் கேட்கிற கேள்வி.

"தப்புதான் மேடம்" என்றாள் அஞ்சலை, டின்னை மூடிக்கொண்டே. "என்னா செய்றது லா. முன்ன ரப்பர் இருந்திச்சி, பொம்பளைங்களுக்கு மரம் சீவுற வேல இருந்திச்சி. இப்ப பூரா செம்பனை. குலை வெட்டறது ஆம்பள வேல. பெக்டரிக்கி வந்தா பெலும்னு சொல்லணும். கல்யாணம் கோயில்ல நடந்திச்சி, ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் யாரும் போகல. அதனால ஆபீஸ்ல தெரியாது. பையில வெச்சா கேட்டுல நிக்கிற ஜாகா செக் பண்ணுவான். வீட்டுல கழட்டி வெச்சிட்டு வந்தா மாமியா வெட்டிப் போட்டுரும்."

"குழந்தை?"

"ரெண்டு. மொத புள்ளைக்கு நின்னுட்டு, மறுபடி புதுசா சேர்ந்தேன். ரெண்டாவதுக்கும் அப்பிடித்தான். இப்ப மூணாவது தடவையா புது ஆளு."

இரண்டு பிள்ளை பெற்றவள் மூன்றாவது தடவையாக இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லிப் புது ஆளாகச் சேர்ந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுதியாக நினைத்தேன். எங்கள் ஊரில் இது நடக்கவே நடக்காது. வேலையை விட்டாலும் விடுவார்களே தவிர, தாலியைக் கழற்ற மாட்டார்கள்.

"திங்கக்கெழம சுடான்னு சொன்னுச்சே லெட்சுமி, அது எங்க தோட்டம்தான்" என்றாள் அஞ்சலை. "புருஷன் தோள்ல குலை விழுந்து எலும்பு ஒடிஞ்சி படுத்திருக்கு. முன்னாலயே சொல்லிக் குடுக்காம விட்டுட்டோம். எங்க தப்பு." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "மேடம் மிஸ் லிம்கிட்ட சொல்லிருவீங்களா?"

இல்லை என்றேன். பந்திங் பஸ் நிலையத்தில் அவர்கள் வாங்கிக் கொடுத்த வாழைப்பழப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினேன். அறைக்கு வந்த பிறகும் சாப்பிடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு ஃபேக்டரியில் கடைசி நாள். மூன்று மணி ஷிப்ட் விட்டது. விடைபெறலாம் என்று கேட்டுக்குப் போனால், பந்திங் பெண்கள் பஸ்ஸில் ஏறாமல் கும்பலாக நிற்கிறார்கள். பஸ்ஸும் வேறு. டிரைவரும் வேறு, ஒரு மலாய் இளைஞர், ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். காவலாளி மிஸ் லிம்முக்குப் போன் செய்யப் போய்விட்டார்.

அஞ்சலை என் பக்கத்தில் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "மணியண்ணே பஸ்ஸுக்கு கிளட்ச் போயிருச்சாம். கிள்ளான்ல வர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயிட்டாரு. டின்னு அதுலயே போயிருச்சி மேடம்."

அவளுக்குப் பின்னால் புதுச் சீருடையில் ஒரு பெண். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. லெட்சுமி. முந்தின நாள் மறுபடி வந்து பெலும் சொல்லி வேலை வாங்கியிருக்கிறாள். அன்றுதான் முதல் நாள். காலையில் முதல் தடவையாகத் தாலியைக் கழற்றி டின்னில் போட்டிருக்கிறாள்.

"வெறுங்கழுத்தோட எப்பிடி வீட்டுக்குப் போறது?" என்று அவள் கேட்டாள். என்னிடமா, அஞ்சலையிடமா தெரியவில்லை. "அவரு உயிரோட இருக்காரு."

அந்தக் கும்பலில் எல்லோருக்கும் அதே பயம்தான். வெறுங்கழுத்தோடு போனால் வீடு விடாது. ஏன் ஏறவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். தூரத்தில் ஹை ஹீல்ஸ் சத்தம் கேட்டது.

எனக்கு அந்தப் பொய் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. மிஸ் லிம் வந்ததும், "தப்பு என்னுடையது. விடைபெறும்போது எல்லோர் வாயையும் இனிப்பாக்கிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். பலகாரம் வாங்க மறந்துவிட்டேன். கிள்ளான் போய் வந்துவிடுகிறேன், அதுவரை இவர்களைக் கேன்டீனில் உட்கார வையுங்கள்" என்றேன். மிஸ் லிம் பெண்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார் என்று தோன்றியது. "சீக்கிரம்" என்றார் தமிழில்.

டாக்சி கிடைத்தது. ஓட்டிய மலாய்ப் பெரியவர் ஸ்டியரிங்கைவிட வானொலிப் பாட்டில்தான் கவனமாக இருந்தார். பாதி வழியில் ஒரு லாரி ஒருபக்கம் சாய்ந்து, செம்பனைக் குலைகள் ரோடு முழுக்க உருண்டு கிடந்தன. எல்லா வண்டிக்காரர்களும் இறங்கி நிதானமாக, சிரித்துப் பேசிக்கொண்டு குலைகளை ஓரத்தில் உருட்டினார்கள். நம் ஊராக இருந்தால் முதலில் ஒரு சண்டை நடந்திருக்கும். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நானும் இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு ஒரு குலையைக் காலால் தள்ளினேன். முள் குத்தியதுதான் மிச்சம்.

வர்க்‌ஷாப்பில் பஸ் கட்டைகள்மேல் நின்றது. பின் சீட்டுகளைக் கழற்றி வெளியே போட்டிருந்தார்கள். மணியம் ஒரு டயரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அந்த சீட்டுப் பக்கமே நான் திரும்பமாட்டேன் அக்கா. பொம்பளப் பிள்ளைங்க சமாச்சாரம், பாக்கக்கூடாதுன்னு மொத நாள்லேர்ந்து அப்பிடியே பழகிட்டேன். டின்னுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சி."

மரியாதை கெடாமல் இருக்கப் போய் இப்படி ஆகியிருக்கிறது. அவரைத் திட்டவும் முடியவில்லை. இரண்டு பேருமாகக் கழற்றிப் போட்ட சீட்டுகளுக்கு அடியில், கருவிப் பெட்டிகளுக்குப் பின்னால், பழைய தகரக் குவியலில் தேடினோம். இல்லை. லெட்சுமி கேட்ட கேள்வி காதில் இருந்துகொண்டே இருந்தது.

வர்க்‌ஷாப் முதலாளி ஒரு வயதான சீனர், பனியனும் அரைக்கால் சட்டையும். தவுக்கே என்று மணியம் அவரைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ கேட்டார். தவுக்கே பேசாமல் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்பக்கம் சுட்டிக்காட்டினார்.

சுவரில் சிவப்பு நிறத்தில் அவருடைய சாமி மாடம். அதில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களுக்கு நடுவே ரோஜாப்பூ டின் இருந்தது. முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

"தெறந்து பாத்தாராம்" என்று மணியம் மெதுவாக மொழிபெயர்த்தார். "மஞ்சக் கயிறப் பாத்ததும் மூடிட்டாராம். சாமி சாமான், கால் படுற எடத்துல வெக்கக்கூடாதுன்னு அவரே தூக்கி வெச்சாராம்."

தவுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு டின்னை இறக்கி என் இரண்டு கையிலும் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத ஊரில், கிரீஸ் வாசனைக்கு நடுவே, முன்பின் தெரியாத பெண்களின் தாலிகளுக்காக. பதறிப்போன தவுக்கே என்னிடம் ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் கொடுத்தார்.

அந்த அவசரத்தில் பலகாரம் வாங்க மறந்துவிட்டேன் என்பது ஃபேக்டரி கேட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. என் கையில் இருந்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டின்.

கேன்டீனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் முன்னாலும் தேநீர் குறையவில்லை. அவர்களுக்கு எதிரே மிஸ் லிம். டின்னைப் பார்த்ததும் லெட்சுமி எழுந்துவிட்டாள். அஞ்சலை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பிஸ்கட்டா?" என்றார் மிஸ் லிம். "நல்லது. திறவுங்கள். எனக்கும் ஒன்று கொடுங்கள்."

நான் டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸ் லிம் கையை நீட்டி டின்னை வாங்கினார். மூடிமேல் விரல் வைத்தார். டின் லேசாகச் சாய்ந்ததில் உள்ளே ஏதோ மெல்ல உரசியது, பிஸ்கட்டிலிருந்து வராத சத்தம். ஊதுவத்தி மணம் வேறு.

மிஸ் லிம் மூடியிலிருந்து விரலை எடுத்தார். டின்னை என் கையில் திருப்பி வைத்தார்.

"பஸ்ஸில் சாப்பிடட்டும்" என்றார். "வளைவு தாண்டின பிறகு."

அஞ்சலை தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். டின்னை லெட்சுமியே இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். காவலாளி பைகளைச் சோதித்தார். டின்னைத் தொடப் போனவரிடம் மிஸ் லிம் இங்கிருந்தே மலாயில் ஏதோ சொன்னார், அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பஸ் போனதும், "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அந்தப் பெண் திங்கட்கிழமை சுடா என்றாள். நேற்று வந்து பெலும் என்றாள். எனக்கு முகம் ஞாபகம் இருக்காதா?" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, உள்பக்க ஜிப்பை இழுத்து, ஒரு மோதிரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மெல்லிய தங்க வளையம். "ஆறு வருஷம் ஆகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். நானும் பெலும் என்றுதான் சொன்னேன்."

அவர் விரலில் மோதிரத் தடம்கூட இல்லை. ஆறு வருஷமாக அது அவர் விரலைவிட அந்தப் பைக்குள்தான் அதிகம் இருந்திருக்கிறது. ஒரு வாரமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு கல்மனசு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

"மேலே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டாம்" என்றார். "சொன்னால் விதியை நீக்க மாட்டார்கள். எங்களைத்தான் வேலையிலிருந்து நீக்குவார்கள். உங்கள் ஊரில் முடிந்தால் முதலிலேயே தடுத்துப் பாருங்கள்."

தவுக்கே கொடுத்த ஆரஞ்சை உரித்துப் பாதி அவருக்குக் கொடுத்தேன். கேன்டீன் வாசலில் நின்று இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சென்னைக்கு வந்து தடுத்துப் பார்த்தேன். கிள்ளானில் பார்த்தது எதையும் சொல்லாமல், கிண்டியில் பார்த்ததை மட்டும் வைத்துப் பேசினேன். கல்யாணம் ஆனவர்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்று என்னையே உதாரணம் காட்டினேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் வேறு" என்றார். "மலேசியாவில் இந்த முறை நன்றாக நடக்கிறது. அதைத்தானே பார்த்துவிட்டு வந்தீர்கள்?" என்றார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வழியில்லை.

தாம்பரத்தில் ஆள் எடுத்த முதல் நாள், கேட்டைத் தாண்டி ரோடுவரை வரிசை நின்றது. பெருமைப்பட வேண்டிய காட்சிதான். மத்தியானம் என் மேஜைக்கு எதிரே செல்வி வந்து உட்கார்ந்தாள். முனியம்மாவின் மருமகள். ஊசிகளைத் துளைகளில் நிறுத்தினாள், முனியம்மா சொன்னபடி கை வேகம்தான். கழுத்தில் ஒரு பாசிமணி மாலை. வேறு ஒன்றும் இல்லை.

நான் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் இல்ல மேடம்" என்றாள்.

எங்கள் ஊரில் நடக்கவே நடக்காது என்று நினைத்தவள் நான். அவளை எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் பெரிய பிஸ்கட் டின் ஒன்று வாங்கி, பிஸ்கட்டை ஆபீசில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, காலி டின்னைத் தொழிலாளர் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன் டிரைவரிடம், காலையும் மாலையும்.

ஒரு வாரம் கழித்து, பஸ் காலியாக நிற்கும்போது போய் டின்னைத் தூக்கிப் பார்த்தேன். திறக்கவில்லை. கனமாக இருந்தது.